பிலிப்பைன்ஸ் தொழிலாளரின் காகிதங்களை வாசிப்பது எப்படி: உதவ வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் முதன்முறையாக ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணை வேலைக்கு அமர்த்தும் தமிழ்க் குடும்பத்தார், வளைகுடா நாடுகளில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களோடு ஒரே தங்குமிடத்தில் வசிப்பவர்கள், தொண்டு அமைப்புகளின் உதவி மேசையில் புதிதாக அமர்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. “மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை” என்று ஒருவர் வந்து நிற்கும்போது, அவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது பெரும்பாலும் அவர் ஊரை விட்டுக் கிளம்பிய விதத்திலேயே முடிவாகியிருக்கும். அந்த விதத்தை அவர் கையிலுள்ள காகிதங்கள் சொல்லிவிடும். அவற்றை வாசிக்கத் தெரிந்துகொள்வதே உதவ வருபவரின் முதல் வேலை.

இதற்கான காரணத்தை முதலிலேயே விளங்கிக்கொண்டால் மற்ற படிகள் எளிதாகிவிடும். ரியாத்திலோ குவைத்திலோ இருக்கும் ஒரு முதலாளிக்கு மணிலாவில் உள்ள அரசு ஆணையிட முடியாது. ஆனால் அந்த முதலாளிக்காக ஆள் பிடித்து அனுப்பிய நிறுவனம் மணிலாவிலேயே இருக்கிறது. அதற்கு உரிமம் உண்டு, பிணைத்தொகை உண்டு, வங்கியில் முடக்கி வைக்கப்பட்ட வைப்புத்தொகை உண்டு. ஆகவே வெளிநாட்டு முதலாளி செய்யும் பிழைக்கு உள்நாட்டு நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்குவது என்ற வழியை பிலிப்பைன்ஸ் சட்டம் தேர்ந்தெடுத்தது. 1995-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சம்பளம் முதலிய உரிமைத் தொகைகளுக்கு முதலாளியும் ஆள்சேர்ப்பு நிறுவனமும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. நிறுவனம் கம்பெனியாக இருந்தால் அதன் இயக்குநர்களும் அதிகாரிகளும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தொழிலாளி எத்தனை கடல் தாண்டிப் போனாலும் அவருக்கும் மணிலாவில் உள்ள அந்த நிறுவனத்துக்கும் இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் யாவும் அந்தக் கயிறு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பற்றியவை.

முதல் படி: அலுவலகங்களை அடையாளம் காணுதல்

பழைய காகிதங்களில் ஒரு பெயரும் புதியவற்றில் வேறொரு பெயரும் இருப்பதைக் கண்டு புதியவர்கள் குழம்புவதுண்டு. 1982-இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிர்வாகத்தை எல்லாரும் பி.ஓ.இ.ஏ. என்றே அழைத்தார்கள், உரிமம் வழங்குவதும் ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதும் அதன் பணி. 2021 டிசம்பர் 30 அன்று கையெழுத்தான சட்டம் அதையும் வேறு சில அலுவலகங்களையும் ஒன்றாக்கி, புலம்பெயர் தொழிலாளர் துறை என்ற தனி அமைச்சகத்தை உருவாக்கியது. இதன் சுருக்கப் பெயர் டி.எம்.டபிள்யூ. இதன் தலைமையகம் மணிலா பெருநகரப் பகுதியில், மண்டலுயோங் நகரில் எட்சா சாலையும் ஒர்த்திகாஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், பழைய பி.ஓ.இ.ஏ. கட்டடத்திலேயே இயங்குகிறது. வெளிநாடுகளில் தூதரகத்தோடு சேர்ந்து இயங்கும் அதன் கிளைக்குப் புலம்பெயர் தொழிலாளர் அலுவலகம் என்று பெயர். முன்பு இது போலோ எனப்பட்டது. நீண்ட நாள் வேலை பார்ப்பவர்கள் இன்னும் “போலோவுக்குப் போனேன்” என்றுதான் சொல்வார்கள்.

இவற்றுக்கு அப்பால் ஓவா என்ற நல நிர்வாகம் இருக்கிறது. 1977-இல் ஒரு நல நிதியாகத் தொடங்கிய இந்த அமைப்பில், ஓர் ஒப்பந்தத்துக்கு 25 அமெரிக்க டாலர் சந்தா செலுத்தியவர் உறுப்பினராகிறார். உறுப்பினர் தகுதி இரண்டு ஆண்டு வரை செல்லும். பெயர்களைப் பொறுத்தவரை இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: உரிமத்தையும் வேலை ஆணையையும் சரிபார்த்தல்

மணிலாவின் எர்மித்தா, மலாத்தே பகுதிகளில் ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும். கலாவ் தெரு ஓரத்தில் கப்பல் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் அட்டையைக் கையில் பிடித்து நிற்பார்கள். எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க, துறையின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடி, உரிமம் நடப்பில் உள்ளதா, இடைநிறுத்தப்பட்டதா, ரத்தானதா என்று காண வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள். உரிமம் சரியாக இருந்தாலும், குறிப்பிட்ட முதலாளிக்காகக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கத் துறை ஒப்புதல் தந்த வேலை ஆணை அந்த நிறுவனத்திடம் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கத்தாரில் செவிலியர் வேலைக்கு ஒப்புதல் பெற்ற நிறுவனம், இல்லாத ஒரு கனடா வேலையைக் காட்டிப் பணம் பறிப்பது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஊர் ஊராக வந்து, யாரோ ஒரு உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெயர் எழுதிக்கொள்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதிவு பெற்ற அலுவலகத்துக்கு வெளியே ஆள் சேர்க்க முன்னனுமதி வேண்டும் என்பது விதி. அந்த நபர் உறவுக்காரராகவோ, வெளிநாட்டிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பதால்தான் விதியைக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

வேலை கொடுக்கும் குடும்பத்தாரும் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பர் பரிந்துரைத்தார் என்பதற்காக பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒருவரை நீங்களாகவே நேரடியாக அமர்த்திக்கொள்வதை அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 18-ஆம் பிரிவு தடுக்கிறது. தூதரக அதிகாரிகள், சர்வதேச அமைப்புகள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு. இது அதிகாரிகளின் பிடிவாதம் போலத் தோன்றலாம். ஆனால் இடையில் ஒரு நிறுவனம் இல்லையென்றால் பின்னாளில் பொறுப்புக்கு இழுக்க மணிலாவில் யாரும் இல்லாமல் போய்விடும் என்பதே இதன் உட்பொருள்.

மூன்றாம் படி: பணத்தைக் கணக்குப் பார்த்தல்

தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான் வேர்விடுகிறது. ஆகையால் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது.

நிலத்தில் வேலை செய்யப் போகும் ஒருவரிடம் ஆள்சேர்ப்பு நிறுவனம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ஒரு மாத அடிப்படைச் சம்பளம். வீட்டுப் பணியாளர்களிடமும் கப்பல் தொழிலாளர்களிடமும் அதுவும் வாங்கக் கூடாது. தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதை இங்கிலாந்து போலத் தன் சட்டத்தாலேயே தடுத்துள்ள நாடுகளுக்குச் செல்பவர்களிடமும் வாங்கக் கூடாது. வாங்கிய தொகைக்கு, தொகையைச் சரியாகக் குறிப்பிட்ட ரசீது தரப்பட வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான விலக்கு 2006-இல் வந்த சீர்திருத்தத்தின் பகுதி. அதே சீர்திருத்தம்தான் அவர்களுக்கு மாதம் 400 அமெரிக்க டாலர் என்று குறைந்தபட்சச் சம்பளத்தையும் நிர்ணயித்தது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பிலுள்ள குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்பதைத் துறையின் அறிவிப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இப்படிச் சொல்லும்போது, ஹாங்காங்குக்கோ சிங்கப்பூருக்கோ வந்து சேர்ந்த பணிப்பெண் முதல் சில மாதச் சம்பளத்தைக் கண்ணால் பார்க்காமலேயே கழிக்கிறாரே, அது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கட்டணம் என்ற சொல் மட்டும் மறைந்து, அதே தொகை “பயிற்சிச் செலவு”, “மருத்துவச் செலவு”, “தங்குமிடச் செலவு” என்று வேறு பெயர்களில் திரும்பி வருகிறது. அல்லது நிறுவனமே காட்டிவிடும் ஒரு கடன் கம்பெனியில் கையெழுத்துப் போட வைத்து, மாதத் தவணையாக வசூலிக்கப்படுகிறது. இதையும் சட்டம் எதிர்பார்க்காமல் இல்லை. 2010-இல் வந்த திருத்தச் சட்டம், வெளிநாடு செல்லும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டியில் கடன் கொடுப்பதையும், குறிப்பிட்ட ஒரே மருத்துவமனைக்கோ பயிற்சிக்கூடத்துக்கோ கடன் நிறுவனத்துக்கோதான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் தடைசெய்கிறது. எனவே உதவி கேட்டு வருபவரிடம் “கட்டணம் எவ்வளவு கட்டினாய்?” என்று மட்டும் கேட்டால் “ஒன்றும் கட்டவில்லை” என்ற பதில்தான் கிடைக்கும். “ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து இன்றுவரை யார் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தாய்?” என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, கைபேசி உரையாடல், கடனுக்குப் பிணையாக நின்ற உறவினரின் பெயர் ஆகியவை வழக்கில் துணை நிற்கும்.

புதியவர்கள் அறியாத இன்னொரு செய்தி: உரிமம் பெற்ற நிறுவனமும் சட்டவிரோத ஆள்சேர்ப்புக் குற்றத்துக்கு உள்ளாகலாம். வரம்புக்கு மேல் பணம் வாங்குவது, ஒப்பந்தத்தை மாற்றுவது, பயணக் காகிதங்களைப் பிடித்து வைப்பது, அனுப்பாமல் விட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது ஆகிய எல்லாம் 1995 சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வருகின்றன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை ஏமாற்றியிருந்தாலோ, மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூட்டாகச் செய்திருந்தாலோ அது பொருளாதார நாசவேலையாகக் கருதப்படும். தண்டனை ஆயுள் சிறை. ஆகவே ஒரே நிறுவனத்தைப் பற்றி இரண்டாவது ஆள் வந்து முறையிடும்போதே மூன்றாமவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது.

நான்காம் படி: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தல்

நெறிப்படி கிளம்பியவரிடம் வெளிநாட்டிலுள்ள புலம்பெயர் தொழிலாளர் அலுவலகம் சரிபார்த்து முத்திரையிட்ட ஒப்பந்தம் இருக்கும். அதில் முதலாளியின் முழுப் பெயர், வேலை செய்யும் இடம், வேலையின் தன்மை, சம்பளம் எந்த நாணயத்தில் எவ்வளவு, வேலை நேரம், வார ஓய்வு, உணவும் உறைவிடமும், ஊர் திரும்பும் பயணச் செலவு, ஒப்பந்தத்தை முறிக்கும் விதிகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அவர் இன்று உண்மையில் யார் வீட்டில், என்ன வேலை, எவ்வளவு சம்பளத்துக்குச் செய்கிறார் என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதலாளியின் வீட்டில் வேலை என்று எழுதியிருக்க, அவருடைய மகள் வீட்டையும் கடையையும் சேர்த்துத் துடைக்கச் சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

விமானம் இறங்கியதும் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்பந்த மாற்று எனப்படும் குற்றம். அந்த இரண்டாவது தாள் பெரும்பாலும் தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் இருக்கும்; சம்பளம் குறைந்திருக்கும். வேறு வழியின்றிக் கையெழுத்திட்டுவிட்டால் முதல் ஒப்பந்தம் செத்துவிட்டது என்று தொழிலாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சரிபார்க்கப்பட்ட ஒப்பந்தத்தைத் துறையின் ஒப்புதலின்றித் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற முடியாது. மணிலாவில் வழக்கு நடக்கும்போது அதுவே அளவுகோல்.

இருக்கும் நாட்டின் சட்டத்தையும் கூடவே பார்க்க வேண்டும், ஏனெனில் அன்றாடச் சிக்கல்களைத் தீர்ப்பது அதுதான். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், வீட்டுப் பணியாளர்கள் அங்குள்ள பொதுவான வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கென்று சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. பிலிப்பைன்ஸ் தரப்பு சரிபார்க்கும் ஒப்பந்தத்தில் மட்டுமே குறைந்தபட்சத் தொகை இருக்கிறது. ஓய்வு நாள் விஷயத்தில் சிங்கப்பூர் விதி தெளிவானது: வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு, பணம் கொடுத்து ஓய்வு நாளில் வேலை வாங்க இருவரும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வாக இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் ஆர்ச்சர்டு சாலையின் லக்கி பிளாசாவில் கூடும் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள், அந்த ஒரு நாளில்தான் தம் வீட்டுப் பணிப்பெண் பணம் அனுப்புகிறார், மருந்து வாங்குகிறார், தன் மொழியில் நாலு வார்த்தை பேசுகிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஹாங்காங்கில் அரசே குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் வேலை முறிந்தால் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதி, முறையிட நினைப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது.

ஐந்தாம் படி: புறப்படுமுன் நடப்பவை

இதை விரைவாகக் கடந்துவிடலாம். வேலை தேடத் தொடங்குமுன் இணையத்தில் இலவசமாக நடக்கும் அறிமுகக் கருத்தரங்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் உடல் பரிசோதனை, வீட்டுப் பணியாளரானால் டெஸ்டா என்ற அரசுப் பயிற்சி அமைப்பின் இரண்டாம் நிலைத் திறன் சான்றிதழ், செல்லும் நாட்டின் மொழியும் பழக்கவழக்கமும் பற்றிய பயிற்சி, கடைசியாகப் புறப்பாட்டுக்கு முந்தைய வழிகாட்டல் வகுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கும். கூடவே, ஆள்சேர்ப்பு நிறுவனம் தன் செலவில் எடுத்துத் தர வேண்டிய கட்டாயக் காப்பீட்டின் பத்திரம் ஒன்றும் இருக்க வேண்டும். அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆறாம் படி: விமான நிலையமும் ஓ.இ.சி.யும்

எல்லாம் சரியாக முடிந்ததற்கு அடையாளம் ஓ.இ.சி. என்று எல்லாரும் சொல்லும் வெளிநாட்டு வேலைச் சான்றிதழ். காகிதமாகவோ கைபேசிக் குறியீடாகவோ இருக்கும் இதைக் காட்டினால்தான் மணிலா விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி தொழிலாளியாக வெளியே விடுவார். பயண வரியும் நிலையக் கட்டணமும் தள்ளுபடியாகும். இதன் ஆயுள் 60 நாள்.

இதைப் பெறாமல் சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு கிளம்புபவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மேலே சொன்ன படிகளை ஏறி முடிக்க வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. மாகாணத்திலிருந்து மணிலாவுக்கு வந்து தங்கும் செலவு வேறு. அதற்குள் குழந்தையின் பள்ளிக் கட்டண நாள் வந்துவிடுகிறது. பாதுகாப்பதற்காகக் கட்டப்பட்ட படிகளே சிலரைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகின்றன என்பது இந்த அமைப்பின் பெரிய முரண். ஆனால் அந்தக் குறுக்கு வழியில் கயிறு தொடக்கத்திலேயே அறுந்துவிடுகிறது. சரிபார்த்த ஒப்பந்தம் இராது, காப்பீடு இராது, பொறுப்பேற்கும் நிறுவனம் இராது. வாடிக்கையாளர் சேவை வேலை என்று நம்பி பாங்காக்குக்குச் சுற்றுலா விசாவில் போனவர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி வட்டாரத்து இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டது இப்படித்தான். 2025 மார்ச்சில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள் அங்கிருந்து மீட்டு அழைத்து வரப்பட்டார்கள்.

பெட்டியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் வீட்டு வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட மேரி ஜேன் வெலோசோ, பிறகு இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டு, 2010-இல் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் தன்னிடம் கொடுக்கப்பட்ட பெட்டிக்குள் இருந்த ஹெராயினோடு பிடிபட்டார். மரண தண்டனை 2015-இல் கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது; அவர் தாய்நாட்டு மண்ணை மிதித்தது 2024 டிசம்பரில். பிறர் கொடுக்கும் பெட்டியை வாங்கக் கூடாது என்பதை வகுப்பில் ஒரு வரியாகச் சொல்வதைவிட இந்தக் கதையைச் சொல்வது நெஞ்சில் நிற்கும்.

ஏழாம் படி: போய்ச் சேர்ந்த முதல் வாரம்

வந்திறங்கியவர் செய்ய வேண்டியது சிறிதுதான். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், ஓ.இ.சி. ஆகிய எல்லாவற்றையும் படம் பிடித்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். கைபேசி பறிக்கப்பட்டாலும் அந்தப் படங்கள் பிழைத்திருக்கும். வேலை செய்யும் வீட்டின் சரியான முகவரியையும் அனுப்ப வேண்டும். பல குடும்பங்களுக்குத் தம் மகள் எந்த நகரத்தில் இருக்கிறாள் என்பது தெரியும், எந்தத் தெருவில் என்பது தெரியாது. தேட நேரும்போது அந்த ஒரு வரிதான் எல்லாமே.

கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துத் தருகிறேன் என்று முதலாளி வாங்கிக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரில் அடுத்தவர் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது குற்றம். குவைத்தில் 2018 பிப்ரவரியில், கைவிடப்பட்ட ஓர் அடுக்கு வீட்டின் உறைபெட்டிக்குள் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. மணிலா அந்நாட்டுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அவ்வாண்டு மே 11 அன்று இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பணிப்பெண் கடவுச்சீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாம், கைபேசி வைத்துக்கொள்ளலாம் என்பவை அதில் எழுத்தில் ஏறின. ஒரு கைபேசியைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமைக்கு இரண்டு அரசுகள் அமர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது.

எட்டாம் படி: சிக்கல் வந்த பிறகு

அடி, பாலியல் வன்முறை, உணவின்றி அடைத்து வைத்தல் போன்றவற்றில் காகிதங்களைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. உள்ளூர்க் காவல்துறையையும் தூதரகத்தையும் உடனே அழைக்க வேண்டும். பிலிப்பைன்ஸுக்குள் இருக்கும் குடும்பத்தார் 1348 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். தொழிலாளர் மிகுதியாக உள்ள நாடுகளில் புலம்பெயர் தொழிலாளர் அலுவலகங்கள் தப்பி வருவோருக்குத் தங்குமிடம் நடத்துகின்றன. அந்த உதவி மையங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வளைகுடாவில் ஒரு நுட்பம் உண்டு. தொழிலாளியின் தங்கும் உரிமையை முதலாளியோடு பிணைக்கும் கஃபாலா முறையில், வீட்டை விட்டு வெளியேறியவர் மீது முதலாளி “ஓடிப்போனவர்” என்று புகார் கொடுத்துவிட்டால் அவரே குற்றவாளியாகிவிடுவார். ஆகவே வெளியேறுபவர் தோழி வீட்டுக்கோ வேறொரு வேலைக்கோ போகாமல் நேராகத் தூதரகத்துக்கே போய், வந்த நாளையும் நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும். இதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும்.

சம்பளப் பாக்கி, திடீர் வேலை நீக்கம் போன்றவற்றுக்கு இரண்டு களங்கள் உள்ளன. ஒன்று அந்த நாட்டின் தொழிலாளர் துறை. மற்றொன்று மணிலா, அங்குதான் தொடக்கத்தில் சொன்ன கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம். முதலில் 30 நாளுக்குள் முடிக்க வேண்டிய சமரசப் பேச்சு. அது கைகூடாவிட்டால் தேசியத் தொழிலாளர் உறவு ஆணையத்தின் நடுவரிடம் வழக்கு. பணக் கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். நியாயமான காரணமின்றி இடையில் வேலை நீக்கப்பட்டவருக்கு, கட்டிய கட்டணம் 12 விழுக்காடு வட்டியோடு திரும்பக் கிடைக்க வேண்டும்; ஒப்பந்தத்தில் எஞ்சிய காலத்துச் சம்பளமும் கிடைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை ஆண்டுக்கு மூன்று மாதம் என்று குறுக்கும் ஒரு விதி சட்டத்தில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. நாடாளுமன்றம் 2010 திருத்தத்தில் அதையே மீண்டும் எழுதி வைத்தது. 2014-இல் நீதிமன்றம் மறுபடியும் நீக்கியது. நிறுவனத்தின் ஆள் “மூன்று மாதச் சம்பளம்தான் சட்டப்படி” என்று சமரச மேசையில் சொன்னால், அவர் அறியாமையில் பேசுகிறாரா, தெரிந்தே பேசுகிறாரா என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். விமானம் ஏறும் அவசரத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று தொழிலாளியிடம் சொல்லி வையுங்கள்.

இங்கேதான் காப்பீட்டுப் பத்திரம் பயன்படும். விபத்தில் இறந்தால் 15,000 அமெரிக்க டாலர், இயற்கை மரணத்துக்கு 10,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 என்பவை சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தொகைகள். வழக்கு நடத்துவதற்காக அந்நாட்டிலேயே தங்க நேர்ந்தால் மாதம் 100 டாலர் வீதம் ஆறு மாதம் வரை பிழைப்புப் படியும் உண்டு. இதை அநேகமாக யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஓவா உறுப்பினராக இருந்து இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்தும் தனியாக உதவித்தொகை கிடைக்கும்.

குற்ற வழக்கில் சிக்கியவரின் நிலை வேறு. வீட்டுப் பணியாளரான ஃபுளோர் கான்டெம்ப்லாசியோன் இரட்டைக் கொலை வழக்கில் சிங்கப்பூரில் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். அரசு போதிய அளவு முயலவில்லை என்று பிலிப்பைன்ஸ் முழுவதும் கொந்தளிப்பு எழுந்து, மூன்றே மாதத்தில், ஜூன் 7 அன்று, மேலே பலமுறை குறிப்பிட்ட சட்டம் கையெழுத்தானது. அந்த நாள் இன்று புலம்பெயர் தொழிலாளர் நாளாக நினைவுகூரப்படுகிறது. வெளிநாட்டில் வழக்கறிஞர் அமர்த்துவதற்கான தனி நிதியை அந்தச் சட்டம் ஏற்படுத்தியது. கைதான செய்தி கிடைத்த அன்றே தூதரகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை; விசாரணை தொடங்கிய பின் வரும் வழக்கறிஞரால் செய்ய முடிவது குறைவு. வெளிநாட்டு வேலையை நாட்டின் வளர்ச்சிக்கான வழியாக அரசு ஊக்குவிப்பதில்லை என்று அதே சட்டம் இரண்டாம் பிரிவில் அறிவிக்கிறது. 2024-இல் தொழிலாளர்களும் வெளிநாடுவாழ் மக்களும் வங்கிகள் வழியாக அனுப்பிய பணம் ஏறத்தாழ 3,449 கோடி டாலர்.

ஒன்பதாம் படி: ஊர் திரும்புதல், மறுபடி கிளம்புதல்

திரும்பும் பயணச் செலவும் உடைமைகளைக் கொண்டுவரும் செலவும், இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் முதற்கண் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பொறுப்பு. தொழிலாளியின் சொந்தக் குற்றத்தால் மட்டுமே வேலை முறிந்திருந்தால் விலக்கு உண்டு. போர், தொற்றுநோய், பேரிடர் காலங்களில் ஓவா முன்னின்று அழைத்து வரும். வேலையிழந்து திரும்பிய உறுப்பினர்களுக்குச் சிறுதொழில் தொடங்க ஓவா வழங்கும் தொகை 20,000 பெசோ வரை. ஒரு சிறு மளிகைக் கடையின் முதல் சரக்குக்கு அது போதும், இரண்டாம் சரக்கைப் பற்றி உறுதி சொல்ல முடியாது.

விடுமுறைக்கு ஊர் போகும் பணிப்பெண்ணை வைத்திருக்கும் குடும்பத்தார் டிக்கெட் வாங்குமுன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே முதலாளியிடம், அதே இடத்துக்குத் திரும்பி வருபவர், துறையின் பதிவில் தன் விவரம் ஏற்கெனவே இருந்தால், இணையம் வழியாகவே ஓ.இ.சி. விலக்கைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இடையில் முதலாளி மாறியிருந்தாலோ, முதன்முறை சுற்றுலாப் பயணியாக வந்து பிறகு வேலை அனுமதி பெற்றவராக இருந்தாலோ, அவர் விவரம் பதிவில் இராது. ஊருக்குப் போனபின் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே, தற்போதைய முதலாளியின் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு தான் இருக்கும் நாட்டின் புலம்பெயர் தொழிலாளர் அலுவலகத்துக்குச் சென்று அதைச் சரிபார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான ஓய்வு நாளைக் கொடுப்பதும், கேட்கும் தாள்களில் கையெழுத்திடுவதும் முதலாளியின் பங்கு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அந்த அலுவலகங்களில் முன்பதிவு கிடைப்பது அரிது. அக்டோபரிலேயே தேதி வாங்கி வைத்துவிடுங்கள்.